திருப்பிச் சொல்லும்

அவர் ஒருவருக்கும் ஆறுதல் சொல்லி நான் கேட்டதில்லை. ‘ஒன்றும் ஆகாது’, ‘கவலைப்படாதீர்கள்’ போன்ற வாக்கியங்கள் அவர் வாயில் வந்ததே கிடையாது. நோயாளி எதிரில் உட்கார்ந்ததும், என்ன கோளாறு, என்ன செய்யப்போகிறோம், அதில் எதெல்லாம் தவறலாம் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போவார். கடைசியில், “நீர் மேசையிலேயே செத்துப்போகலாம்” என்பார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்வார்.

“இப்ப நான் சொன்னதை நீர் எனக்குத் திருப்பிச் சொல்லும்.”

நோயாளிகள் எல்லாவற்றையும் சொல்வார்கள். வால்வு சுருங்கியிருக்கிறது என்பார்கள், விலாவைத் திறப்பீர்கள் என்பார்கள், விரலை உள்ளே விடுவீர்கள் என்பார்கள். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு வரும்போது மட்டும் தொண்டையைச் செருமுவார்கள். மேலே பார்ப்பார்கள். அவர் காத்திருப்பார். அந்தச் சொல் நோயாளியின் வாயிலிருந்து வரும்வரை அவர் கத்தியைத் தொட மாட்டார்.

எழுபதுகளில், தண்ணீர்மலை முருகன் கோயில் உள்ள இந்த மலாய்த் தீவில் இதயத்தில் கைவைக்கத் துணிந்த முதல் ஆட்களில் அவர் ஒருவர். இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே அதில் சிறு கீறல் போட்டு, ஆள்காட்டி விரலை உள்ளே செலுத்தி, சுருங்கிப்போன வால்வைத் தடவி விரித்துவிடுவார். அங்கே கண்ணுக்கு வேலையில்லை, விரலுக்குத்தான். சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் கண்டு வால்வு கெட்டுப்போன ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் அன்று ஏராளம். சீமையில் படித்தவர், அங்கேயே இருந்திருக்கலாம். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “அங்க செய்ய ஆக்கள் இருக்கினம். இங்க இல்லை” என்றார். சிலோன்காரக் குடும்பம். தாத்தா ரயில்வேயில் குமாஸ்தாவாக வந்தவர். இரண்டு தலைமுறை இங்கே பிறந்தும் யாழ்ப்பாணப் பேச்சு அவர்கள் வீட்டில் மாறவில்லை.

நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு மலருக்கு ஆசிரியர். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவன். அந்தப் படிப்பு கொடுத்த திமிர் கொஞ்சமும் உண்டு. எங்கள் அலுவலகம் கடைத்தெருவுக்குப் பின்னால், பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. ஒருநாள் அவர் மரப்படி ஏறி வந்து, ஊற்றுப்பேனாவில் எழுதிய நாலு பக்கங்களை என் மேசையில் வைத்தார். தன் நோயாளி ஒருவரைப் பற்றிய கட்டுரை. பெயர் இல்லை, ஊர் இல்லை. ஒரு மீன்வியாபாரி தன் நெஞ்சு வலியை எந்தெந்த மீனின் பெயரால் விவரித்தார் என்று எழுதியிருந்தார். இப்படி ஒரு தமிழ் எழுதுகிற ஆள் இந்த ஊரில் அதுவரை என் கண்ணில் பட்டதில்லை.

“போடுறோம் டாக்டர். வாராவாரம் குடுங்க” என்றேன்.

“தாறன். ஒரு சொல் மாத்தப்படாது. பிழையெண்டா எனக்குச் சொல்லும், நான் மாத்துவன். இப்ப நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. “ஒரு சொல்லும் மாத்தமாட்டேன்” என்று சொன்னேன். பக்கத்து அறையில் அச்சுக்கோர்க்கும் அண்ணன் காதில் இது விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு மாடிப்படியில் டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டாலே, “தம்பி, உங்க வாத்தியாரு வர்றாரு. பாடம் ஒப்பிக்கத் தயாரா இருங்க” என்பார்.

காப்பிக்கடையிலும் அப்படித்தான். ‘காப்பி ஓ, சீனி இல்லாமல்’ என்று பால் சேர்க்காத காப்பிக்குச் சொல்லிவிட்டு, கடைக்காரர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். “டாக்டர், காப்பில யாரும் சாக மாட்டாங்க லா” என்று கடைக்காரர் அலுத்துக்கொள்வார். “சீனி வியாதிக்காரர் சாவினம்” என்பார் இவர்.

துணிக்கடை முதலாளி ஒருவர் கதை ஊர் முழுக்கத் தெரியும். மாலையும் பழத்தட்டுமாக வந்தவரை டாக்டர் உட்கார வைத்து வழக்கம்போலச் சொன்னார். முதலாளி எல்லாம் ஒப்பித்துவிட்டு, “மத்ததெல்லாம் முருகன் பாத்துக்குவாரு” என்று முடித்தார். “முருகன் பாக்கட்டும். நீர் சொல்லும்.” முதலாளிக்குக் கோபம் வந்து எழுந்து போய்விட்டார். சிங்கப்பூர், மெட்ராஸ் எல்லாம் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து, கதவைச் சாத்தச் சொல்லி, மெல்லிய குரலில் அந்தச் சொல்லைச் சொன்னார். பிழைத்துக்கொண்டார். பிற்பாடு கல்யாண வீடுகளில் அவரே இதைச் சொல்லிச் சிரிப்பார்: “மார்பத் தொறந்தது கூட வலிக்கல. வாயத் தொறக்க வெச்சான் பாருங்க, அதான் வலிச்சுச்சு.”

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதை அவர் ஒரே ஒருமுறைதான் சொன்னார். கடற்கரைத் திடலில் நடந்துகொண்டிருந்தோம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பிள்ளை இறந்துவிட்டதாம். முதல்நாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். அப்பாவும் தலையாட்டியிருக்கிறார். பிள்ளை இறந்ததும் அந்த மனிதர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, “சாகும்னு நீங்க சொல்லவே இல்லையே டாக்டர்” என்றாராம்.

“பொய் சொல்லேல்லை அவர். அவருக்குக் கேக்கேல்லை. நான் சொன்னனான், அது போய்ச் சேரேல்லை. சேராட்டி நான் சொன்னதாக் கணக்கில்லை.”

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அந்த வருஷம் தீபாவளி மலருக்கு அவர் ஒரு கட்டுரை கொடுத்துவிட்டு, இதயத்தை நிறுத்திவைத்துவிட்டு அதன் வேலையைத் தானே செய்யும் புது இயந்திரத்தைப் பழகிக்கொள்ள வெளிநாடு போயிருந்தார். கட்டுரை ஓர் இளம் பெண்ணைப் பற்றியது. மூச்சு முட்டி, மாடிப்படி ஏற முடியாமல், தலையணையை அடுக்கி உட்கார்ந்தே தூங்குகிற பெண். அவள் அறுவை மேசைக்குப் போகிறாள். அங்கேயே இறந்துபோகிறாள். கடைசி இரண்டு பத்திகள் அதுதான்.

எங்கள் பத்திரிகை முதலாளிக்குத் தீபாவளி மலரில் சாவு வரக்கூடாது. கதையில் கூடாது, கவிதையில் கூடாது, விளம்பரத்திலும் கூடாது. நல்ல நாளில் வீட்டுக்குள் வரும் தாள் என்பார். வேறு கட்டுரை போட்டிருக்கலாம். ஆனால் அந்த மலரில் அதைவிடச் சிறந்த எழுத்து இல்லை. அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. கடைசி இரண்டு பத்திகளை வெட்டினேன். அந்த இடத்தில் நானே ஒரு வரி எழுதினேன்: ‘இன்று அவள் தண்ணீர்மலைப் படிகளில் ஒருமுறைகூட நிற்காமல் ஏறுகிறாள்.’

அச்சுக்கோர்க்கும் அண்ணன் புரூஃபைக் கொண்டுவந்து கொடுத்து, “வாத்தியாரு பாத்துட்டாரா?” என்று கேட்டார். “பாத்துட்டாரு” என்றேன்.

மலர் நன்றாக விற்றது. அந்த ஒரு வரிக்காகவே வாசகர்கள் எழுதினார்கள். டாக்டர் திரும்பி வந்ததும் மலரைக் கேட்டார். பிரதி தீர்ந்துவிட்டது, தேடித் தருகிறேன் என்று இழுத்தடித்தேன்.

ஒரு காலை அவர் படியேறி வந்தார். வழக்கமான சத்தம் இல்லை. மெதுவாக ஏறியிருக்கிறார். என் மேசையில் மலரிலிருந்து வெட்டிய ஒரு பக்கத்தை வைத்தார். நாலாக மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது.

“இது ஆர் எழுதினது?”

கடைசி வரியில் அவர் விரல் இருந்தது. நான் முதலாளி, நல்ல நாள் என்று ஏதேதோ சொன்னேன்.

“எழும்பும். என்னோட வாரும்.”

காரில் போகும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இருக்கிறாள். பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் வேலை. டத்தோ கிராமாட்டில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அம்மாவுக்கு அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் தோட்டவேலை. அந்தப் பெண்ணுக்கும் அதே வால்வு, அதே சுருக்கம். நுரையீரலில் நீர் கட்டத் தொடங்கிவிட்டது. நாள் கடத்த முடியாது. இவர் எல்லாவற்றையும் சொல்லி, திருப்பிச் சொல்லும் என்று கேட்டிருக்கிறார். அவள் தலையணைக்கு அடியிலிருந்து இந்தத் தாளை எடுத்துக் கடைசி வரியைப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

“அந்தப் பிள்ளை செத்துப்போச்சு எண்டு சொன்னன். சிரிக்கிறா. பயங்காட்டிறன் எண்டு நினைக்கிறா. அச்சில வந்ததை நம்புறா, எழுதினவனை நம்பேல்லை. நீர் வந்து சொல்லும். நீர்தான் போட்டது எண்டு சொல்லும். அதுக்குப் பிறகு நான் கேக்கிறன்.”

சொல்லிவிடுகிறேன் என்றேன். திருப்பிச் சொல்லும் என்று அவர் கேட்கவில்லை. அது எனக்கு உறுத்தியது.

கட்டிலில் முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒடிசலான பெண். உதடு நீலம் பூத்திருந்தது. பக்கத்தில் அவள் அம்மா, தோட்டத்திலிருந்து நேரே வந்தவள்போலத் தலையில் துண்டைக்கூட அவிழ்க்காமல் நின்றாள். டாக்டர் என்னை யார் என்று சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

“பேப்பர் சாரா? அம்மா, பாத்தியா, பேப்பர்லேர்ந்தே வந்துட்டாங்க.” ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு வாங்கினாள். “சார், இந்த டாக்டர் இருக்காரே, நல்லா எழுதுறாரு. பேசத்தான் தெரியல லா. நேத்து வந்து அந்த அக்கா செத்துட்டாங்கன்னு சொல்றாரு. நீங்களே சொல்லுங்க சார். அந்த அக்கா நல்லாத்தானே இருக்காங்க?”

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இத்தனை வருஷம் கழித்தும் விவரிக்க என்னால் முடியவில்லை. வேண்டாம் என்று ஒரு பார்வை. டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நல்லா இருக்காங்கம்மா” என்றேன்.

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். அவள் அம்மாவின் கையைத் தட்டி, “நான் சொன்னேன்ல” என்றாள். இப்போது அவர் எதைச் சொன்னாலும் அது அவள் காதில் ஏறாது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அவளைத் திருப்பி அனுப்பினால் தலையணையில் சாய்ந்தபடியே சில வாரங்களில் போய்விடுவாள்.

“நாளைக்கு” என்றார். வெளியே போய்விட்டார்.

மறுநாள் நான் போயிருக்க வேண்டியதில்லை. போனேன். அறுவைக்கூடத்துக்கு வெளியே நீண்ட பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேக்டரித் தோழிகள் இரத்தம் கொடுத்துவிட்டுக் கையை மடக்கியபடி எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்தார்கள். அம்மாவும் என் வார்த்தையை நம்பி நிம்மதியாக வெற்றிலையை மென்றுகொண்டிருந்தாள்.

“அந்தப் பொண்ணு எந்த ஊரு சார்?”

“சுங்கை பட்டாணி.”

“கல்யாணம் ஆயிருச்சா?”

“ஆகப்போகுது.”

“எம்மவளுக்கும் மாமன் மவன் ஒருத்தன் இருக்கான் சார். கெப்பாலா பத்தாஸ்ல. இது முடியட்டும்னு காத்துக்கிட்டு இருக்கான்.”

கதவு திறந்தது. ஒரு நர்ஸ் மிஸ்ஸி ஓட்டமும் நடையுமாக இரத்த வங்கிப் பக்கம் போனாள். தோழிகளில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். மிஸ்ஸி இரண்டு பாட்டில்களைக் கையில் அணைத்துக்கொண்டு திரும்பி ஓடினாள். எங்களைப் பார்க்கவில்லை.

“ஏன்டி அழுவுற?” என்றாள் அம்மா அந்தத் தோழியிடம். “சாருதான் சொல்லிட்டாருல்ல. அந்தப் பொண்ணுக்கும் இப்படித்தான் ஓடியிருப்பாங்க. இல்ல சார்?”

“ஆமாம்மா.”

அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் செத்துவிட்டால் இந்த அம்மாவிடம் யார் சொல்வது, டாக்டரா நானா என்றுதான் யோசித்தேன். அவள் பிழைக்க வேண்டும் என்றுகூட முதலில் தோன்றவில்லை. டாக்டராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் வெளியே வந்தார். அங்கியில் இரத்தம் இருந்தது. அம்மா எழுந்து கும்பிட்டாள்.

“உயிரோட இருக்கிறா. இண்டைக்கு. நாளையைப் பற்றி நாளைக்குச் சொல்றன்.”

அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் கையை அல்ல, என் கையை. டாக்டர் அதைப் பார்த்தார். மாடிப்படிப் பக்கம் வரச்சொல்லித் தலையசைத்தார்.

“விரல் உள்ளுக்க இருக்கேக்க கிழிஞ்சது. கொஞ்சம்தான். பிடிச்சிட்டன். ஆனா கை நடுங்கினது. ஏனெண்டு தெரியுமோ? இந்தப் பிள்ளை எனக்குச் சொல்லேல்லையே, நான் கேக்காமல் கை வைச்சிட்டனே எண்டு நினைச்சனான். அந்த நேரத்தில அது நினைக்கிற நினைப்பில்லை.” சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அவ சம்மதம் எனக்குத் தரேல்லை. உமக்குத் தந்தவ.”

“பிழைச்சிட்டாளே டாக்டர்” என்றேன்.

“ஓம். அதுதான் எனக்குப் பயமாக்கிடக்கு. உமக்கு இனி இது பிழையெண்டே தெரியாது.”

அதற்குப் பிறகு அவர் கட்டுரை தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. ‘டாக்டருக்கு நேரமின்மையால்’ என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டேன். ஒரு பதிப்பாளர் அவருடைய கட்டுரைகளைப் புத்தகமாகப் போட வந்தபோது, “அதில ஒண்டு என்ரையில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஒன்றை விட்டுவிட்டுப் போடலாம் என்று பதிப்பாளர் கெஞ்சியிருக்கிறார். “ஒண்டை மாத்தினவங்கள் மற்றதை மாத்தேல்லை எண்டு எப்பிடி நம்புறது?” என்றாராம் டாக்டர். இயந்திரம் வந்தது, புது அறுவைகள் வந்தன, அவரிடம் பழகியவர்கள் நாடு முழுக்கப் போனார்கள். தமிழில் அவர் பிறகு எழுதவேயில்லை. நல்ல எழுத்தாளர் ஒருவரை இந்த ஊர் இழந்தது என்று இலக்கியக் கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன். யாரால் என்று சொன்னதில்லை.

அந்தப் பெண் பிழைத்து, மாமன் மகனைக் கட்டிக்கொண்டு கெப்பாலா பத்தாஸுக்குப் போனாள். ஒரு மகள் பிறந்தாள். தீபாவளிதோறும் எனக்கு ஒரு டப்பா முறுக்கு வரும். விரலால் விரித்த வால்வு சில வருஷங்களில் மறுபடி சுருங்கும் என்பது டாக்டருக்குத் தெரியும். அவளுக்கும் சொல்லியிருந்தார். தொண்ணூறுகளில் அது சுருங்கியது. இந்த முறை விரல் போதாது. மார்பை நடுவில் திறந்து, இதயத்தை நிறுத்தி, வால்வையே மாற்ற வேண்டும்.

அவள் எனக்குத் தொலைபேசினாள். “சார், நீங்க கூட வாங்க. நீங்க சரின்னா நான் படுத்துக்கிறேன். டாக்டர் பேச்சு ஒங்களுக்குத் தெரியும்ல.”

நான் டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“வாறதெண்டா வாரும். உம்மைக் கேட்டு நான் ஒருக்காப் பட்டது போதும். இந்த முறை நான் ஒண்டும் கேக்கேல்லை. பேசாமல் இரும்.”

அவருடைய அறையில் மூன்று நாற்காலிகள். அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அவளுக்கு உதடு மறுபடி நீலமாகியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னார். குரல் மட்டும்தான் பழசாகியிருந்தது, சொற்கள் அதே சொற்கள். மேசையிலேயே செத்துப்போகலாம் என்று முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

“இப்பத் திருப்பிச் சொல்லும், பிள்ளை.”

அவள் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். “சார் சொல்லட்டும். அப்ப மாதிரி.”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அதைத்தான் அவர் சொல்லியிருந்தார். மறுபடி ஒருமுறை ‘ஒன்றும் ஆகாதும்மா’ என்றும் சொல்லியிருக்கலாம். அது நாக்கு நுனிவரை வந்தது.

“அந்தப் பொண்ணு செத்துப்போச்சும்மா” என்றேன். “மேசையிலேயே. பேப்பர்ல வந்த கடைசி வரி நான் எழுதுனது. டாக்டர் எழுதல.”

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. “நான் கேட்டப்ப?”

“அப்பவே செத்துப்போயிருந்துச்சு.”

கையிலிருந்த பையின் வாரை முறுக்கினாள், விட்டாள். “வருசா வருசம் தைப்பூசத்துக்கு அந்த அக்கா பேருல அர்ச்சனை பண்ணிட்டு இருக்கேன் சார். பேரு தெரியாது, நட்சத்திரம் தெரியாது. சாமி பேருக்கே பண்ணுங்கன்னு ஐயருகிட்டச் சொல்லுவேன். நல்லா இருக்கணும்னு.” பிறகு டாக்டரைப் பார்த்தாள். “அந்த அக்கா என்ன சொன்னாங்க? நீங்க இப்படிக் கேட்டப்ப?”

டாக்டர் யோசிக்கவே இல்லை. “செத்துப்போவேன்னு தெரியுது டாக்டர், மூச்சு இல்லாம ஒக்காந்து கெடக்குறதுக்கு அது மேலு, போயிக் கையக் கழுவிட்டு வாங்க எண்டு சொன்னவ.”

அது நான் வெட்டிய பத்தியில் இருந்தது. எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கட்டுரையில் இருந்தவளைத் தண்ணீர்மலைப் படிகளில் ஏற்றுவதற்காக அதை வெட்டியிருந்தேன்.

எதிரில் இருந்தவள் பையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். “மார்பத் தொறப்பீங்க. இதயத்த நிறுத்துவீங்க. வால்வ மாத்துவீங்க. நான் மேசையிலேயே செத்துப்போகலாம்.”

“ஓம்.”

“எனக்கு வேணாம் டாக்டர். நான் அந்த அக்கா மாதிரி இல்ல. எம்மக ஆறாம் வகுப்புப் பரீட்ச எழுதுறா. அது முடியட்டும், அப்புறம் பாப்போம்.”

“உம்மட இதயம் அதுவரைக்கும் பொறுக்குமோ தெரியாது.”

“அதையும் சொல்லிடுறேன். காத்திருந்தா வீட்டுலயே செத்துப்போகலாம். சரிதானே?”

“சரி” என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார். அவள் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாள். அதன் பிறகு டாக்டர் மேசைக்குத் திரும்பி உட்கார்ந்து, “இண்டைக்குத்தான் அவ என்னோட கதைச்சவ” என்றார். என்னைப் பாராட்டவும் இல்லை, ஏசவும் இல்லை.

பரீட்சைக்கு முன்பே அவள் போய்விட்டாள். துணி காயப்போடும்போது விழுந்திருக்கிறாள். செய்தி கேட்டு டாக்டர் தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டார். கடல்பாலத்தைத் தாண்டி கெப்பாலா பத்தாஸ் போய்ச் சேர்ந்தோம்.

வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். அம்மா என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். அழவில்லை. தாழ்ந்த குரலில்தான் பேசினாள். ஆனாலும் சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“எங்கிட்ட எல்லாம் சொன்னா சார். அன்னிக்குச் சொன்ன மாதிரி இன்னொரு வாட்டி சொல்லியிருக்கக்கூடாதா? ஒரே ஒரு வார்த்த. எம்புள்ள போயிப் படுத்திருப்பாளே. பொழச்சிருப்பாளே. எதுக்கு சார் சொன்னீங்க? ஒங்களுக்கு மனசு பாரம் எறங்கணும்னா?”

அவள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். உண்மைக்காகச் சொன்னேனா, என் பாரத்தை இறக்கச் சொன்னேனா என்று எனக்கு இன்றும் தெரியாது. இறந்தவளின் புருஷன் அந்தப் பக்கமிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தான். அவன் நடை நல்லதாகப் படவில்லை.

டாக்டர் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

“அம்மா, நான்தான் அவரைச் சொல்லச் சொன்னனான். அவருக்கு விருப்பமில்லை. நான்தான் விடேல்லை. கோவமெண்டா என்னோட.”

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “பாவி” என்றாள். முதலில் மெதுவாகச் சொன்னாள். பிறகு சத்தமாகச் சொன்னாள். பிறகு இரண்டு கையாலும் அவர் மார்பில் அடித்துக்கொண்டே சொன்னாள். அவர் கையைக் கட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. மருமகன் வந்து அவளை இழுத்துப் போனான். டாக்டரைப் பார்த்து, “நீங்க போயிருங்க” என்றான். என்னை ஒன்றும் சொல்லவில்லை. யாரோ எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். நான் உட்கார்ந்தேன். அவர் காருக்குப் போய் எனக்காகக் காத்திருந்தார்.

அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான். பேசாமல் இரும் என்றுதான் அவர் எனக்குச் சொல்லியிருந்தார். அந்தக் கூடாரத்தில் வாயைத் திறந்து அதை நான் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியிலும் அவரிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

அதற்கடுத்த வருஷம் பேத்தி பெரியவளானாள். சடங்குக்கு அந்த அம்மா எனக்கு அழைப்புப் பத்திரிகை அனுப்பினாள். டாக்டருக்கும் வந்திருக்கிறதா என்று அவர் மனைவியிடம் கேட்டேன். இல்லை என்றார். நான் போனேன். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அம்மா பக்கத்தில் வந்து அமர்ந்து, அந்த டாக்டர் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இதைப் பார்க்க மகள் இருந்திருப்பாள் என்றாள்.

நான் தலையாட்டினேன். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.